தூணடி மண்

வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. லண்டன் குட்மேய்ஸ் வீட்டுக் குசினியில் கிளறிற்றா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கைபேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். மறுமுனையில் ஹெலன், செயின்ட் எத்தல்வின் கோயிலின் குரு. ஆங்கிலிக்கன் சபையில் பெண்ணும் பூசை வைக்கலாம் என்பதை மன்னார்க் கத்தோலிக்கரான கிளறிற்றா சீரணிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. சீரணித்த பிறகு, ஹெலனைப்போல ஒரு சிநேகிதி இந்த நாட்டில் அவருக்கு வேறு வாய்க்கவில்லை.

“கிளறிற்றா, கோயிலைப் பூட்டிவிட்டோம்,” என்றார் ஹெலன். “வடக்குப் பக்கத்து இரண்டாவது தூணின் அடியை யாரோ தோண்டியிருக்கிறார்கள். உங்களால் இப்போதே வர முடியுமா?”

எந்தத் தூண் என்று கிளறிற்றா திருப்பிக் கேட்கவில்லை. கத்தியைக் கழுவிக் கவிழ்த்தார். முன்னறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த கணவர் கிறிஸ்துராஜா, தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார்.

“ஆரப்பா அது?”

“ஹெலன். கோயில்ல ஏதோ பிரச்சினையாம். போட்டு வாறன்.”

“அப்ப அரிஞ்ச வெங்காயம்?”

“நீங்கள் வதக்குங்கோ. கை கழண்டு விழாது.”

பஸ்சில் ஏறி மேல்தட்டில் போய் இருந்தார். வெங்காய மணம் விரலைவிட்டுப் போகவில்லை.

செயின்ட் எத்தல்வின் கோயிலுக்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு வயது. நோர்மன் அரசர்களின் காலத்தில் கன்னியர் மடமாக எழுந்தது. கூரையைத் தாங்கும் வளைவுகள் அரைவட்டமாக இருக்கும். ரோமனெஸ்க் என்று சொல்லப்படும் பாணி. மூன்று பேர் கைகோத்து நின்றாலும் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைத் தூண்கள், அவற்றின் மேல் வாள்பல் வாள்பல்லாகச் செதுக்கிய கோடுகள், கோட்டைச் சுவர்போலச் சுவர், அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் விடும் சன்னல்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கன்னியரை வெளியேற்றிக் கோயிலின் கிழக்குப் பாதியை இடித்துக் கல்லை விற்றார்கள். மேற்குப் பாதியில் ஊர்ச்சனம் வழிபட்டுவந்தபடியால் அது மட்டும் தப்பியது. அதனால் இன்றைக்கும் வெளியிலிருந்து பார்த்தால், நடுவில் முறித்துப் போட்ட பேக்கரிப் பாண்போலத்தான் அந்தக் கோயில் தெரியும்.

தமிழர் அங்கே வந்ததும் ஒரு கூரையால்தான். தங்கள் பங்குக் கோயிலின் கூரை ஒழுகத் தொடங்கி, திருத்த வேலை இழுபட்டபோது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பூசைக்கு இடம் தருவீர்களா என்று கிளறிற்றாதான் ஹெலனிடம் போய்க் கேட்டார். ஹெலன் சம்மதித்த அன்று கிறிஸ்துராஜா சும்மா இருக்கவில்லை. “இது எங்கட கோயில்தான். உங்கட ஹென்றி ராசா கத்தோலிக்கரிட்ட இருந்து பறிச்சவர். இப்ப எங்களுக்கே இரவல் தாறியள்,” என்றார். கிளறிற்றா அதை மொழிபெயர்க்க மறுத்தார். ஹெலன் விடவில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

அன்றிலிருந்து அந்தக் கோயில் கதவுக்கான திறப்பு ஒன்று கிளறிற்றாவின் கைப்பையில் இருந்தது. அவர் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவர். எண்பதுகளில் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்த வேளையில் சண்டை வந்தது. தொண்ணூறில், மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மாதா திருத்தலமான மடுக்கோயில் வளவில் தறப்பாளின் கீழ் இருந்தபடி அகதிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்தார். பிறகு லண்டன், கலியாணம், இல்ஃபோர்ட்டில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் இருபது வருசத்துக்கு மேல் வேலை. உருளைக்கிழங்கு மசித்த கை சரித்திரப் புத்தகத்தையும் விடவில்லை. எத்தல்வின் கோயிலைப் பற்றி எழுதப்பட்டதையெல்லாம் நூலகத்தில் தேடி வாசித்தார். ஒவ்வொரு மாதமும் பூசை முடிந்ததும், சனம் றோல்சுக்கும் தேத்தண்ணிக்கும் கலையுமுன், பத்து நிமிடம் நின்று “கோயில் கதை” சொல்வார்.

“இது பயந்து பயந்து கட்டின கோயில்,” என்றுதான் தொடங்குவார். “கூரை தலையில விழுந்திடுமோ எண்ட பயத்தில சுவரை மொத்தமாக் கட்டினவை, சன்னலைச் சின்னனா வைச்சவை. அந்தப் பயம்தான் இவ்வளவு காலமும் இதைக் காப்பாத்தினது.”

சனத்துக்கு அதைவிடப் பிடித்தது எத்தல்வின் கதை. எத்தல்வின் மடத்துத் தாய். அவர் செத்தபிறகு வடக்குப் பக்கத்து இரண்டாவது தூணோடு சேர்த்துக் கல்லறை கட்டினார்கள். காய்ச்சல்காரர், கால் ஏலாதவர், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று நாடெங்கிலுமிருந்து யாத்திரைக்காரர் வந்தார்கள். வந்தவர்கள் கல்லறையைச் சுரண்டி, அந்தத் தூசியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். ஹென்றியின் ஆட்கள் கல்லறையை உடைத்தார்கள். தூண் மட்டும் மிஞ்சியது. அதன் அடியில், நிலத்தோடு ஒட்டி, பழைய காலத்துச் சிவப்புப் பூச்சு ஒரு கையளவு இன்னும் இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான், தற்செயலாக, தமிழர் தங்கள் மடுமாதா சுரூபத்தை வைக்கும் மேசையும் இருந்தது. நிலம்வரை தொங்கும் நீலத்துணி விரித்த மேசை.

பஸ்சை விட்டு இறங்கியபோது கிளறிற்றாவுக்கு முழுதாக விளங்கிவிட்டது. இருந்தாலும், தான் நினைப்பது பிழையாக இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடியபடியே நடந்தார்.

உள்ளே தூணைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமான நாடா கட்டியிருந்தார்கள். வளைவுக்கு முட்டாக இரண்டு இரும்புக் கால்கள் ஏறியிருந்தன. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நிபுணர் ஒருவர், நரைத்த தாடிக்காரர், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு டோர்ச் அடித்தார். நீலத்துணியை ஹெலன் மடித்துக் கையில் வைத்திருந்தார். மேசை இருந்த இடத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே, ஒரு குடம் போகுமளவுக்கு இருட்டுப் பொந்து.

“பார்க்கத்தான் இது திடமான கல்,” என்றார் தாடிக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டியபடி. “வெளியில் மட்டும்தான் செதுக்கிய கல். உள்ளே சல்லியும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அடியில் ஓட்டை விழுந்தால் மூட்டையிலிருந்து தானியம் வழிகிற மாதிரி வழியும். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் நான் இங்கே படுத்திருக்கமாட்டேன்.”

“எலியா?” என்று கேட்டார் ஹெலன், நம்பிக்கை இல்லாமல்.

“தேக்கரண்டி வைத்திருக்கிற எலியை நான் கண்டதில்லை. இது ஒரு நாளில் செய்ததும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல கைகள்.” கையுறையைக் கழற்றினார். “இடைக்காலத்துச் சிவப்புப் பூச்சும் போய்விட்டது. தொடாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது. தூளாகி மூச்சில் போனாலே கேடு. வாய்க்குள் போனால்…” சிரித்தார். “நல்லகாலம், யார் அதை வாய்க்குள் போடப்போகிறார்கள்.”

கிளறிற்றா பக்கத்துத் தூணில் கையை ஊன்றிக்கொண்டார்.

ஹெலன் அவரைக் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் கவுன்சிலில் ஒருவர் பொலிசுக்குப் போகவேண்டும் என்று நிற்பதாகவும், திங்கட்கிழமை கூட்டம் என்றும், ஆவணி மாதத்து மடுமாதா திருநாளுக்கு இடம் கொடுப்பதா என்பதும் அங்கேதான் முடிவாகும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்கள் ஆட்கள் யாராவது எதையாவது பார்த்திருப்பார்களா, கிளறிற்றா?”

“கேட்டுப் பார்க்கிறேன்,” என்றார் கிளறிற்றா.

வீட்டில் வெங்காயம் கருகியிருந்தது. கிறிஸ்துராஜா அதைப் பற்றிக் கதைக்க வாயெடுத்து, மனைவியின் முகத்தைக் கண்டதும் மூடிக்கொண்டார். கிளறிற்றா முழுக்கதையையும் சொல்லி முடித்தார்.

“நான் சரித்திரம்தானேயப்பா சொன்னனான்?”

“உம்மட கணக்குக்குச் சரித்திரம். எங்கட சனத்துக்கு நீர் சொன்னது கைமருந்துப் பக்குவம்,” என்றார் அவர். “எதில எடுக்கிறது, எதில கரைக்கிறது, ஆருக்குக் குடுக்கிறது எல்லாம் சொல்லியிருக்கிறீர். எத்தினை வேளை எண்டதுதான் மிச்சம்.”

குசினி யன்னல்கட்டில் ஒரு சின்னத் தைலப்போத்தல் நின்றது. உள்ளே மடுமண். மடு வளவை விட்டு வெளிக்கிட்ட அன்று சட்டைக்குள் முடிந்துகொண்டு வந்தது. அந்த மண் இருக்கிற வீட்டுக்குள் பாம்பு வராது என்பது மன்னாரில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாம்பு கடித்த பையனொருவனின் பல்லைக் கிட்டித் திறந்து, தாய் அந்த மண்ணைக் கரைத்து ஊற்றியதைக் கிளறிற்றா தறப்பாள் கொட்டிலில் கண்ணால் கண்டவர். பையன் எழும்பி நடந்ததையும் கண்டவர். வேறு ஆருக்குத் தெரியாவிட்டாலும் தனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் அவரைக் குத்தியது.

தொலைபேசியை எடுத்தார். எல்லாருக்கும் ஒரே கேள்வி, எல்லாரிடமிருந்தும் ஒரே பதில். “சீச்சீ, நாங்களோ?” ரெய்னர்ஸ் லேனிலிருந்து மாதம் தவறாமல் வரும் ஞானேஸ்வரனைக் கடைசியாகப் பிடித்தார். அவர் சைவ சமயத்துக்காரர், மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து வருகிறவர்.

“அக்கா, நான் சைவம். உங்கட தூணை நான் ஏன் சுரண்டுறன்?”

“நல்லது தம்பி. வைக்கிறன்.”

“நில்லுங்கோ அக்கா.” இருமினார். “ஒரு கதைக்குக் கேக்கிறன். ஒரு சொட்டு, ஒரு சொட்டெண்டாப் போதும், குடிச்ச ஆளுக்கு என்ன செய்யும்?”

“ஆர் குடிச்சது?”

“ஒருத்தரும் இல்லை. கதைக்குத்தான்.”

கைபேசியை வைத்தபோது, அதுவரை நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த முகம் கிளறிற்றாவின் முன்னால் வந்து நின்றது. றூபினி. கிறிஸ்துராஜாவின் தங்கை கத்தரினுடைய மருமகள். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பது இது மூன்றாவது முறை. முந்திய இரண்டும் தங்கவில்லை. இம்முறை ஐந்தாம் மாதத்தைத் தாண்டிவிட்டாள். கிளறிற்றாவுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. றூபினியின் புருசன் கொட்வின், தாய் வேலைக்குப் போன காலத்தில், இந்த வீட்டுச் சமையலறை நிலத்தில் தவழ்ந்து வளர்ந்தவன். வரப்போகும் பிள்ளைக்கு இரண்டு வீட்டிலும் தொட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கத்தரினோ, மருமகளுக்காக எந்தக் கோயிலையும் விடாதவர். சுரண்டிய கை ஒன்று கத்தரினுடையது என்பதில் கிளறிற்றாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் கத்தரின் வீட்டுக் கதவைத் தட்டினார். றூபினி வேலைக்குப் போயிருந்தாள். கிளறிற்றா சுற்றி வளைக்கவில்லை.

“மச்சாள், றூபினிக்குத் தூணடி மண் கரைச்சுக் குடுக்கிறீரோ?”

கத்தரினின் கையிலிருந்த தேத்தண்ணிக் கேத்தில் அப்படியே நின்றது. “என்ன?”

“கோபியாதையும். அதில ஈயம் இருக்காம். வயித்தில இருக்கிற பிள்ளைக்கு…”

“நான் என்ர மருமோளுக்கு மண் கரைச்சுக் குடுப்பனோ? என்னை ஆரெண்டு நினைச்சீர்?”

“பிள்ளைக்காகத்தான் கேக்கிறன்.”

“பிள்ளை பெறாத உமக்கு என்ர வீட்டுப் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்?”

சொன்னது கத்தரினின் காதிலேயே போய் விழுந்திருக்கவேண்டும். கேத்திலை மெல்ல வைத்தார். கிளறிற்றா கதிரையிலிருந்து எழுந்து கைப்பையை எடுத்தார்.

“தேத்தண்ணி போட்டாச்சு,” என்றார் கத்தரின் சுவரைப் பார்த்து. “குடிச்சிட்டுப் போம்.”

கிளறிற்றா குடித்தார். சீனி போடக் கத்தரின் மறந்திருந்தார். பிறகு வீதிக்கு இறங்கி நடந்தார். கத்தரின் பொய் சொன்னாரா, இல்லையா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. தனித்தனியாகக் கேட்டால் இந்தச் சனம் செத்தாலும் சொல்லாது. எல்லாருக்கும் முன்னால் ஈயத்தைப் பற்றிச் சொன்னால், தோண்டியது ஆர் என்பது தானாக வெளியில் வரும். வந்தால் தமிழ்ப் பூசை போகும், திருநாள் போகும், பொலிசும் வரலாம். சொல்லாமல் விட்டால், அடுத்த சிட்டிகையும் ஒரு தம்ளருக்குள் போகும்.

சனிக்கிழமை காலை ஹெலனின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“எங்கள் ஆட்கள்தான், ஹெலன். நான் சொன்ன கதையால்தான்.”

ஹெலன் குனிந்தார். வாசலில் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தார். “இதை நீங்கள் எனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.”

“விட்டிருக்கலாம். ஆனால் குடித்திருக்கிறார்கள்.”

ஹெலனின் முகம் மாறியது. “எத்தனை பேர்?”

“தெரியாது. இன்றைக்குப் பின்னேரம் மண்டபத்தைத் தாருங்கள். பூசைக்கு எல்லாரும் வருவார்கள். அவர்களிடம் நான் சொல்லவேண்டும்.”

“மண்டபம் தருகிறேன். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று என்னால் வாக்குத் தரமுடியாது, கிளறிற்றா.”

“கேட்கவில்லை.”

கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் அன்று பூசை நடந்தது. கோயில் ஏன் பூட்டிக்கிடக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கிறிஸ்துராஜா, “ஹென்றி ராசா திரும்பி வந்திட்டாராம்,” என்று சொல்லிச் சமாளித்தார். சிரித்தவர்கள் குறைவு. மண்டபத்தின் ஒரு மூலையில் கிளறிற்றா அதே மேசையை வைத்து, அதே நீலத்துணியை நிலம்வரை விரித்து, மாதா சுரூபத்தை அதன்மேல் ஏற்றியிருந்தார். தட்டுகளில் றோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தன. பூசை வைத்த பாதர் ஒரு கதிரையில் ஒதுங்கி இருந்தார். கிளறிற்றா எழுந்து நின்றார்.

“இண்டைக்குக் கோயில் கதை கொஞ்சம்தான்,” என்றார். “போன முறையள் நான் சொல்லாமல் விட்ட பகுதி. எத்தல்வின் கல்லறையைச் சுரண்டிக் குடிச்ச சனத்தில சுகப்பட்ட ஆக்களைப் பற்றித்தான் கன்னியர் எழுதி வைச்சவை. சுகப்படாத ஆக்களைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நானும் சொல்லேல்லை. அது என்ர பிழை.”

மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“அந்தத் தூணடிச் சிவப்பில ஈயம் இருக்கு. ஈயம் எண்டா நஞ்சு. சின்னப் பிள்ளையளுக்கும் வயித்துப் பிள்ளையளுக்கும் கூடாது. ஆர் எடுத்தது எண்டு நான் கேக்கமாட்டன். வீட்டில இருக்கிறதைக் கொண்டு வந்து இந்தத் துணிக்குப் பின்னால வையுங்கோ. நான் அங்கால திரும்பி நிக்கிறன். ஆனாக் குடிச்ச ஆக்கள் இருந்தால், அவை டொக்டரிட்டப் போய் ஈயத்துக்கு ரத்தம் சோதிக்கச் சொல்லவேணும். வெக்கப்பட்டு இருக்க ஏலாது.”

சொல்லியபடியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு கதிரையும் அசையவில்லை. தேத்தண்ணிக் கொதிகலன் மட்டும் உறுமியது. கத்தரின் எழும்புவார், எழும்பவேண்டும், இப்போது எழும்புவார் என்று கிளறிற்றா சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவித்தலை வாசித்துக்கொண்டு நின்றார். திரும்பத் திரும்ப அதையே வாசித்தார்.

கதிரை ஒன்று பின்னால் தள்ளப்பட்டது.

“அன்ரி, திரும்புங்கோ. நான் பின்னால வைக்கேல்லை.”

றூபினி. ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி நடந்து வந்து, கைப்பையிலிருந்து மாத்திரைப் போத்தலொன்றை எடுத்து, எல்லாரும் பார்க்கச் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். இங்கேயே வளர்ந்து, பார்மசி படித்து, ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருப்பவள். அம்மன் கோயில் நூலைக்கூடக் கையில் கட்டாதவள்.

“பிள்ளை, அது என்னது?” கத்தரின் எழுந்துவிட்டார். “ஆர் உமக்கு அதைத் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்லை, மாமி. நானேதான் எடுத்தனான்.”

“நீரோ? நீர் படிச்ச பிள்ளை. மருந்துக்கடையில நிக்கிற…”

“ஓம் மாமி. படிச்சனான்தான்.” றூபினி போத்தலைப் பார்த்தபடி சொன்னாள். “முதல் ரெண்டு தரமும் எல்லாம் சரியாத்தான் செய்தனான். விற்றமின், ஸ்கான், ஓய்வு, எல்லாம். ரெண்டும் போச்சு. இந்தத் தரம் ஒண்டையும் விட மனம் வரேல்லை. விசர் வேலை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்தனான்.”

கொட்வின் எழும்பி மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கிளறிற்றா அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார்.

“எவ்வளவு, அம்மா? எவ்வளவு நாள்?”

“வெள்ளிக்கிழமையில மட்டும். ஒரு சிட்டிகை.”

“வெள்ளைச் சுண்ணாம்பிலயோ, சிவப்புப் பூச்சிலயோ?”

றூபினி குனிந்து கிளறிற்றாவின் தோளில் முகத்தை வைத்தாள்.

அதற்குப் பிறகு மண்டபம் அசையத் தொடங்கியது. ஞானேஸ்வரன் வந்து ஒரு திருநீற்றுப் பையைத் துணிக்குப் பின்னால் செருகிவிட்டு, “கதைக்குக் கேட்டனான்,” என்று முணுமுணுத்துப் போனார். ஒரு ஹோர்லிக்ஸ் மூடி வந்தது. பத்திரிகைத் துண்டில் மடித்த பொட்டலங்கள் வந்தன. சிலர் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த ஒரு தம்பதியில், புருசனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் புருசனும் எடுத்திருந்தது அங்கே வைத்துத்தான் இருவருக்கும் தெரிந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிளறிற்றா பார்க்கவில்லை. அவர் றூபினியோடு காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

உள்ளே கொட்வின் மட்டும் கூடப் போக, கத்தரினும் கிளறிற்றாவும் நடைக்கூடத்து நீலக் கதிரைகளில் இருந்தார்கள். நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. இருந்தாற்போல் கத்தரின் அந்தக் கதிரைக்கு மாறினார்.

“மச்சாள், நேற்று நான் சொன்னது…”

“என்ன சொன்னனீர்?” என்றார் கிளறிற்றா முன்னாலிருந்த கதவைப் பார்த்தபடி. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொன்னீர். குடிச்சன். சீனி காணாது.”

கத்தரின் அவரது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அன்று குழந்தையின் இதயத்துடிப்புச் சரியாக இருந்தது. இரத்தச் சோதனையின் முடிவு வரும்வரை ஒரு வீட்டிலும் ஒழுங்காக உலை ஏறவில்லை. வந்த முடிவிலும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. ஈயம் இருந்தது, சிகிச்சை வேண்டிய அளவுக்கு இல்லை, பிள்ளை பிறக்கும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்கவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு சோதனை நாளிலும் கிளறிற்றா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றார். குளிர்காலம் தொடங்கியபோது பெண்பிள்ளை பிறந்தது. வீறிட்டு அழுதது. றூபினி எத்தல்வின் என்று பெயர் வைக்கவேண்டும் என்றாள். “பள்ளிக்கூடத்தில பிள்ளையைப் பகிடி பண்ணுவாங்கள்,” என்று கத்தரின் ஒற்றைக்காலில் நின்று அதை நடுப்பெயராக இறக்கினார்.

அதற்கெல்லாம் முன்னால், அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கிளறிற்றாவையும் கூப்பிட்டிருந்தார்கள். பொலிசுக்குப் போகவேண்டும் என்று நின்றவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். “எங்கள் கோயிலின் ஒன்பது நூற்றாண்டுத் தூணை உங்கள் ஆட்கள் சாப்பிட்டுவிட்டார்கள்,” என்றார். கிளறிற்றா மறுக்கவில்லை. “ஆம். உங்கள் ஆட்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினார்கள்,” என்றார். ஹெலன் குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். வழக்கறிஞருக்கு முகம் சிவந்தது, சிரித்தாரா கோபித்தாரா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வாக்கெடுப்பில் ஒரு கை வித்தியாசத்தில் தமிழ்ப் பூசை தப்பியது. ஆவணித் திருநாளைக் கோயிலுக்குள் வைக்க விடவில்லை, மண்டபத்தில்தான் வைத்தார்கள். மாதா மேசை தெற்குப் பக்கத்துக்குப் போனது. துணி இனி நிலத்தைத் தொடக்கூடாது என்றும் எழுதிக்கொடுத்தார்கள்.

தாடிக்கார நிபுணர் இலையுதிர்காலம் முழுவதும் தூணுக்குள் புதிய சுண்ணாம்புச் சாந்தைச் செலுத்தினார். திரும்பக் கிடைத்த தூசியைக் கொண்டுவரச் சொன்னார். தூணுக்குள் அதைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் அரித்துப் பார்த்தால் சிவப்புப் பூச்சின் துணுக்குகள் கிடைக்கும், அவற்றைக் கோயில் சேமிப்பில் வைக்கலாம் என்றார். திருநீற்றுப் பையும் ஹோர்லிக்ஸ் மூடியும் பொட்டலங்களும் ஒரு பெட்டிக்குள் போயின. கிளறிற்றா தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். கோயில் கதை சொல்வதையும் அவர் நிறுத்தவில்லை. எத்தல்வினிடம் வந்ததும் ஒருமுறை நிறுத்தி, கூட்டத்தைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தொடர்வார். அந்த இடத்தில் முதலில் சிரிப்பது ஞானேஸ்வரன்.

மாசி மாதத்தில் ஒருநாள் யாரோ கிளறிற்றா வீட்டு வாசற்படியில் ஒரு தைலப்போத்தலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் இல்லை. உள்ளே மங்கல் மண். “தூணடி மண். இவ்வளவு நாளும் ஆரிட்டயோ இருந்திருக்கு,” என்று சொல்லிக் கிளறிற்றா அதை யன்னல்கட்டில் வைத்தார். புதன்கிழமை ஹெலனிடம் கொடுப்பதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை விடிய அவர் எழும்பவில்லை. இருதயம் என்றார்கள். வடக்குப் பக்கத்து இரண்டாவது தூணைத் தாண்டித்தான் அவருடைய சவப்பெட்டியைக் கொண்டுபோனார்கள். தூக்கியவர்களில் முன்னால் நின்றது கொட்வின்.

குட்மேய்ஸ் வீட்டு யன்னல்கட்டில் இப்போது இரண்டு தைலப்போத்தல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டிலும் மண். எது மடு, எது எத்தல்வின் என்று கிறிஸ்துராஜாவுக்குத் தெரியாது. மாறிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் அவர் இன்னும் ஒன்றையும் ஹெலனிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.